விமான டயரின் ஆயுள்: கூட்டுபவையும் குறைப்பவையும்

விமான டயரின் ஆயுளைக் கிலோமீட்டரிலோ ஆண்டுகளிலோ கணக்கிடுவதில்லை. அது எத்தனை தரையிறக்கங்களைத் தாங்கியது என்பதே கணக்கு. பயணிகள் விமானத்தின் முதன்மைச் சக்கரங்களில் பொருத்தப்படும் டயர், தேய்ந்து கழற்றப்படுவதற்குள் பொதுவாகச் சில நூறு தரையிறக்கங்களைக் காண்கிறது. ஆனால் ஒரே வகை விமானத்தில், ஒரே தயாரிப்பாளரின் டயர்களைப் பூட்டிய இரண்டு நிறுவனங்கள் இதில் பெரிதும் வேறுபடுவது உண்டு. விமான நிறுவனங்கள் பலவும் டயரை விலை கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, ஒரு தரையிறக்கத்துக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கட்டணம் செலுத்தும் ஒப்பந்தங்களைச் செய்துகொள்வதால், அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி பராமரிப்புக் கொட்டகையோடு நின்றுவிடாமல் கணக்கர் அறை வரை செல்கிறது.

விடை தேடுவதற்கு முன், ஒரு டயருக்குள் இரண்டு ஆயுள்கள் இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓடுபாதையைத் தொடும் தடித்த ரப்பர் மேற்பரப்பான தடப்பரப்புக்கு ஓர் ஆயுள்; அதற்குக் கீழே, ரப்பரில் பதிக்கப்பட்ட நைலான் இழைப்படுகைகளாலும், சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பீடு என்ற எஃகுக் கம்பி வளையங்களாலும் ஆன உடற்கூட்டுக்கு மற்றோர் ஆயுள். தடப்பரப்பில் கார் டயரைப் போன்ற சிக்கலான வடிவங்கள் இருப்பதில்லை. சுற்றளவு நெடுகச் செல்லும் நேரான காடிகள் மட்டுமே உண்டு. அக்காடியின் அடிமட்டத்தை ஏதேனும் ஓரிடத்தில் தேய்மானம் எட்டியதும் டயர் கழற்றப்பட்டு, புதிய தடப்பரப்பை ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறைக்கு அனுப்பப்படுகிறது. எத்தனையாவது முறையாக அது புதுப்பிக்கப்பட்டது என்பது பக்கச்சுவரில் 'ஆர்' என்ற எழுத்தோடு சேர்ந்த எண்ணால் குறிக்கப்படும். உடற்கூடு நலமாக இருக்கும்வரை இது பலமுறை நிகழலாம். தடப்பரப்பின் தேய்மானம் கண்ணுக்குத் தெரிவது, எதிர்பார்க்கப்பட்டது, செலவில் சிறியது. உடற்கூட்டின் சேதமோ உள்ளே மறைந்திருப்பது, டயரை முழுவதுமாகக் கழிக்க வைப்பது, சில வேளைகளில் உயிர்களையும் கொண்டுபோவது. ஆகவே டயர் ஆயுளைக் கூட்ட விரும்புவோர் முதலில் காக்க வேண்டியது உடற்கூட்டையே.

அழுத்தம்

உடற்கூட்டைக் கெடுப்பவற்றுள் குறைந்த அழுத்தத்துக்கு நிகரானது வேறில்லை. பெரிய பயணிகள் விமானங்களின் டயரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 பவுண்டு அழுத்தம் இருக்கும். இது சாதாரணக் கார் டயரைப் போல ஆறு மடங்கு. இவ்வளவு அழுத்தம் இருந்தும், சுமை ஏறும்போது விமான டயர் கார் டயரைவிட மிக அதிகமாக அமுங்குமாறே வடிவமைக்கப்படுகிறது. சுமையால் டயரின் உயரம் எத்தனை விழுக்காடு குறைகிறது என்ற அளவுக்கு அமுக்கவீதம் என்று பெயரிட்டால், விமான டயருக்கு அது ஏறத்தாழ 32 விழுக்காடாகவும், சாலை வாகன டயருக்கு 17 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கிறது. எடையையும் இடத்தையும் மிச்சப்படுத்துவதற்காகச் சிறிய டயரின் மீது பெரிய சுமை ஏற்றப்படுவதே இதற்குக் காரணம்.

சக்கரம் ஒருமுறை சுழலும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அவ்விடம் சூடேறுவதைப் போலவே, இந்த மடிப்பும் இழைகளுக்கும் ரப்பருக்கும் நடுவே வெப்பத்தை உண்டாக்குகிறது. அழுத்தம் குறைந்தால் அமுக்கவீதம் கூடுகிறது. அது கூடினால் ஒவ்வொரு சுழற்சியிலும் பிறக்கும் வெப்பமும் கூடுகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளாகையால், அந்த வெப்பம், தடப்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் தோள்பகுதியிலும் பீட்டுப் பகுதியிலும் தேங்கி நின்று, நைலானின் வலிமையைக் குறைத்து, படுகைகளுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. வெளியே தெரியும் அடையாளம் தடப்பரப்பின் இரு தோள்களும் நடுப்பகுதியைவிட விரைவாகத் தேய்வது மட்டுமே. மிகை அழுத்தத்தில் இதற்கு நேர்மாறாக நடுப்பகுதி முதலில் தேயும். விறைத்து நிற்கும் ரப்பரில் கல்லும் ஆணியும் எளிதாக வெட்டுப் போடும். சக்கர விளிம்பின் உலோகமும் கூடுதலாகக் களைப்படையும். இரண்டும் தவறே என்றாலும் அவற்றைச் சம எடையில் வைப்பது பொருந்தாது. மிகை அழுத்தம் பெரும்பாலும் தடப்பரப்பின் ஆயுளைத் தின்கிறது; குறை அழுத்தம் உடற்கூட்டை அழிக்கிறது.

கண்ணால் பார்த்து அழுத்தத்தை மதிப்பிடும் பழக்கம் விமானத் துறையில் எவ்வகையிலும் ஏற்கத்தக்கது அன்று. ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள் இணையாக நிற்கும்போது, அழுத்தம் இழந்த டயரின் சுமையைப் பக்கத்து டயர் தாங்கிக்கொள்வதால், இரண்டும் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். நல்ல நிலையில் உள்ள டயரும் நாள்தோறும் சிறிது வாயுவை இழப்பது இயல்பு. 24 மணி நேரத்தில் 5 விழுக்காடு வரையிலான இழப்பு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் அடங்குகிறது. அந்த எல்லையை மேலோட்டமாகப் படிப்போர் கவனிக்காத ஒன்று, ஒரு வாரம் அளக்காமல் விட்டால் குறையே இல்லாத டயர்கூட ஆபத்தான நிலைக்குச் சென்றுவிடலாம் என்பது. 2008 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கொலம்பியாவில், லியர்ஜெட் 60 வகைச் சிறிய ஜெட் விமானம் ஒன்று புறப்பாட்டு ஓட்டத்தின்போது டயர்கள் வெடித்து, ஓடுபாதையைத் தாண்டிச் சென்று தீப்பற்றியதில் நால்வர் இறந்தனர். அந்த வகை டயர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு அழுத்தத்தை இழக்கக்கூடியது என்பதும், ஏறத்தாழ மூன்று வாரங்களாக அழுத்தம் அளக்கப்படவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. டயரில் தயாரிப்புக் குறை எதையும் தேட வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

அளப்பதற்கும் முறை உண்டு. விமானம் தரையிறங்கிய பின் டயர் குளிர்வதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது விட்டு, அளவுச்சான்று பெற்ற அழுத்தமானியால் அளக்க வேண்டும். சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறதே என்று வாயுவை வெளியேற்றுவது, குளிர்ந்த பின் அதனைக் குறை அழுத்தத்தில் ஓடவிடுவதற்கு ஒப்பாகும். வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 விழுக்காடு மாறும். தில்லியின் 35 டிகிரி வெப்பத்தில் சரியாக நிரப்பப்பட்ட டயர், லே நகரின் 5 டிகிரிக் குளிரில் இரவைக் கழித்தால், எங்கும் கசிவு இல்லாமலே 10 விழுக்காடு குறைந்து நிற்கும். ஆகவே இத்தகைய தடங்களில் பறக்கும் விமானத்துக்குக் குளிர்ந்த ஊரில் தேவையான அழுத்தத்தைக் கணக்கிட்டே நிரப்ப வேண்டும். விமானத்தின் சுமை ஏறாத நிலையில் அளந்தால் அழுத்தம் ஏறத்தாழ 4 விழுக்காடு குறைவாகக் காட்டும் என்பதும், புதிதாகப் பூட்டப்பட்ட டயரில் நைலான் இழைகள் நீண்டு உள்ளிடம் பெருகுவதால் முதல் 12 மணி நேரத்தில் அழுத்தம் சற்றுக் குறையும் என்பதும் பணிமனையில் நினைவில் இருக்க வேண்டியவை.

அளவு குறைந்திருந்தால் என்ன செய்வது என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேடுகள் தெளிவான வரம்புகளைத் தருகின்றன. பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறையின்படி, குறித்த அழுத்தத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நிரப்பிவிடலாம். 90-க்கும் 95-க்கும் இடையே இருந்தால் நிரப்பி, பதிவேட்டில் எழுதி, அடுத்தடுத்த நாட்களில் கவனிக்க வேண்டும். 90-க்குக் கீழே சென்ற டயரைக் கழற்றியாக வேண்டும். 80-க்கும் கீழே சென்றுவிட்டால் அதே அச்சில் இணையாக ஓடிய டயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். இந்தக் கடைசி விதியைச் செலவு கருதித் தவிர்க்கும் ஆசை எழுவது இயற்கை, ஏனெனில் இணை டயர் வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். ஆயினும் அது இருவர் சுமையைத் தனியே சுமந்து ஓடியது என்பதால் அதன் உடற்கூட்டை நம்ப முடியாது.

நிரப்பும் வாயு உலர்ந்த நைட்ரஜனாகவே இருக்க வேண்டும். காற்றில் உள்ள ஆக்சிஜன் ரப்பரை உள்ளிருந்தே மெல்ல முதுமையடையச் செய்கிறது. ஈரப்பதம் சக்கர உலோகத்தை அரிக்கிறது. இவற்றைவிடப் பெரிய காரணம் வெடிப்பு. பிரேக்கின் கடும் வெப்பத்தில் டயரின் உட்படலம் ஆவியாகும் பொருள்களை வெளியிடுகிறது, அவை ஆக்சிஜனோடு சேர்ந்தால் தாமே தீப்பற்றி வெடிக்கக்கூடும். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் போயிங் 727 விமானம் ஒன்று பறக்கும்போதே சக்கர அறைக்குள் டயர் வெடித்து விழுந்ததில் 167 பேர் இறந்தனர். சூடேறிய பிரேக்கின் அருகில் இருந்த அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகக் காற்று நிரப்பப்பட்டிருந்தது. அதன் பின்னர் பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதித்தது.

தரையில் ஓடும் தொலைவும் வேகமும்

தரையைத் தொடும் நொடியில் எழும் வெண்புகையைப் பார்ப்போர் டயரின் ஆயுள் அங்கேதான் கரைகிறது என்று எண்ணுவர். சுழலாத சக்கரம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் விமானத்தின் வேகத்தை எட்டும்போது ரப்பர் உராய்ந்து எரிவது உண்மை. ஆனால் அது மேற்பரப்போடு முடிந்துவிடுகிறது. உடற்கூட்டைச் சோதிப்பது முழு எரிபொருளோடும் முழுச் சுமையோடும் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குச் செல்லும் நீண்ட தரையோட்டமும், அதைத் தொடர்ந்துவரும் புறப்பாடுமே. தரையோட்டத்தின் தொலைவு கூடக் கூட மடிப்பு வெப்பம் சேர்ந்துகொண்டே போகிறது. வேகம் கூடினால் அது வெளியேற நேரம் கிடைப்பதில்லை. இவ்வாறு சூடேறிய டயர்தான், மிகுந்த எடையோடும் உச்ச வேகத்தோடும் சுழல வேண்டிய புறப்பாட்டை எதிர்கொள்கிறது.

இந்தத் தொடர்பின் கொடிய சான்று 1991 ஜூலை 11 அன்று சவூதி அரேபியாவின் ஜித்தாவில் நிகழ்ந்தது. ஹஜ் பயணத்தை முடித்துக்கொண்டு நைஜீரியா திரும்பவிருந்த யாத்திரிகர்களை ஏற்றிய டிசி-8 விமானத்தில், அழுத்தம் குறைந்திருந்த ஒரு டயர் தன் சுமையை இணை டயரின் மீது தள்ளியது. கோடை வெயிலில் நீண்ட தரையோட்டத்தில் மிகையாக மடிந்து சூடேறிய இணை டயர் புறப்பாட்டு ஓட்டத்தில் சிதைந்தது. மற்றதும் சிதைய, சுழலாமல் நின்றுபோன சக்கரம் ஓடுபாதையில் உராய்ந்து தீப்பற்றியது. எரியும் சக்கரம் விமானத்தின் வயிற்றுக்குள் மடக்கப்பட்டதால் தீ உள்ளே பரவி, திரும்பி வர முயன்ற விமானத்தில் இருந்த 261 பேரும் மாண்டனர். டயர்களின் அழுத்தம் குறைவாக இருந்தது பராமரிப்புப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதும், நைட்ரஜன் உடனடியாகக் கைக்கு எட்டாத நிலையில் புறப்பாடு தாமதமாகக் கூடாதென்று விமானம் அனுப்பப்பட்டது என்பதும் இத்துறையில் பணிபுரியும் எவரும் மறக்கக் கூடாதவை.

வெப்பத்தின் மற்றொரு ஊற்று பிரேக். தரையிறங்கி நின்ற பிறகும் பிரேக் தட்டுகளின் வெப்பம் சக்கரத்தின் வழியே பீட்டுப் பகுதிக்குப் பரவிக்கொண்டிருப்பதால், டயரின் உச்ச வெப்பம் விமானம் நின்று சிறிது நேரம் கழித்தே வருகிறது. அது எல்லை மீறினால் சக்கரத்தில் பதிக்கப்பட்ட உருகு அடைப்பான்கள் உருகி, டயர் வெடிப்பதற்கு முன் வாயுவை வெளியேற்றிவிடும். குறுகிய தூரப் பறப்புகளை அடுத்தடுத்துச் செய்யும் விமானங்களில் பிரேக் குளிர்வதற்குள் அடுத்த புறப்பாடு வந்துவிடுவதால், நேர அட்டவணையை வகுப்போரும் டயர் ஆயுளில் பங்கு கொண்டவர்களே.

ஓடுபாதையின் முகம்

தடப்பரப்பின் ஆயுளை ஓடுபாதையின் சொரசொரப்பு எவ்வளவு ஆள்கிறது என்பதை, அமெரிக்க விண்ணோடங்கள் இறங்கிய கென்னடி விண்வெளி மையத்தின் ஓடுபாதையைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. 4,572 மீட்டர் நீளமுள்ள அந்தக் கான்கிரீட் ஓடுபாதை, புளோரிடாவின் பெருமழையிலும் பிடிப்புக் குறையாமல் இருப்பதற்காகக் குறுக்குக் காடிகள் வெட்டப்பட்டு, மேற்பரப்பு மிகச் சொரசொரப்பாக அமைக்கப்பட்டது. விண்ணோடமோ பயணிகள் விமானத்தைவிட மிகுந்த வேகத்தில், மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டரில், எஞ்சின் துணையின்றி இறங்குவது. முதன்மைச் சக்கரங்களின் டயர்கள் ஒரே தரையிறக்கத்தோடு கழற்றப்பட்டன. தொடும் கணத்து உராய்வும், பக்கக்காற்றை எதிர்த்துச் செல்லும்போது டயர் பக்கவாட்டில் இழுபடுவதும் சேர்ந்து, அந்த ஒரு தரையிறக்கத்துக்குள்ளேயே தடப்பரப்பைத் தாண்டி இழைப்படுகைகளை வெளிக்கொணரும் அளவுக்குத் தேய்மானத்தை உண்டாக்கின. 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்ணோடம் பக்கக்காற்றில் அங்கு இறங்கியபோது பிரேக் பூட்டிக்கொண்டு ஒரு டயர் வெடித்தது. அதன் பின் தரையிறக்கங்கள் சில ஆண்டுகளுக்குக் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்துக்கு மாற்றப்பட்டன.

தீர்வு டயரில் மட்டும் தேடப்படவில்லை. 1988-இல் ஓடுபாதையின் இரு முனைகளிலும் தொடுமிடங்கள் வழவழப்பாக்கப்பட்டன. கான்வேர் 990 என்ற பழைய ஜெட் விமானத்தின் வயிற்றடியில் விண்ணோட டயரைப் பொருத்தி, உண்மையான வேகத்திலும் சுமையிலும் ஓட்டிச் சோதித்த நாசாவின் ஆய்வுகளும் நடந்தன. 1994-இல் ஓடுபாதை முழுவதன் மேற்பரப்பும் மென்மையாக்கப்பட்டு, அனுமதிக்கப்பட்ட பக்கக்காற்றின் வரம்பு மணிக்கு 15 கடல்மைலிலிருந்து 20 கடல்மைலுக்கு உயர்த்தப்பட்டது. ஈரத்தில் பிடிப்பும் டயரின் ஆயுளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை என்பதும், ஓடுபாதையை அமைப்போர் இரண்டில் ஒன்றை மட்டும் நினைத்து முடிவெடுத்தால் மற்றது விலை கேட்கும் என்பதும் இதில் விளங்கும். வழக்கமான பயணிகள் விமானங்களிலும், குறுக்குக் காடி வெட்டிய ஓடுபாதைகளில் இறங்கும் டயர்களின் தடப்பரப்பில் அம்புமுனை வடிவில் சிறு வெட்டுகள் வரிசையாகத் தோன்றும். அவை கையேட்டின் வரம்புக்குள் இருக்கும்வரை கழற்றுவதற்குரிய காரணம் அல்ல. தூய்மையற்ற நிறுத்துமிடத்தில் கிடக்கும் திருகாணி, கம்பித்துண்டு, கல் ஆகியவை போடும் வெட்டு இழைப்படுகைவரை சென்றிருந்தால், தடப்பரப்பு எவ்வளவு மீந்திருந்தாலும் அந்த டயரின் பணி முடிந்தது.

வேகம், உயரம், ஓட்டும் கை

ஒவ்வொரு டயருக்கும் தாங்கக்கூடிய தரைவேகம் குறிக்கப்பட்டிருக்கும். பெரிய ஜெட் விமானங்களில் மணிக்கு 225 அல்லது 235 மைல் என்பது வழக்கம். இது தரையைச் சார்ந்த வேகமே அன்றி, விமானியின் கருவி காட்டும் காற்றுவேகம் அன்று. 3,256 மீட்டர் உயரத்தில் உள்ள லே விமான நிலையத்தில் காற்று மெலிந்திருப்பதால், கருவியில் அதே வேகம் காட்டினாலும் விமானம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதல் வேகத்தில் தரையைத் தொடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், டயரும் பிரேக்கும் விழுங்க வேண்டிய ஆற்றல் 38 விழுக்காடு அளவுக்குக் கூடிவிடுகிறது. பின்காற்றோடு இறங்குவதும் சிறிய அளவில் இதையே செய்கிறது.

விமானியின் கையில் இருப்பவற்றுள் திருப்பமே முதன்மையானது. ஒரு பக்கச் சக்கரத்தைப் பிரேக்கிட்டு நிறுத்தி, அதன்மீதே விமானத்தைச் சுழற்றும் கூர்திருப்பம், நிற்கும் டயரைத் தரையோடு அரைத்து, தடப்பரப்பைக் கிழித்து, பக்கச்சுவரையும் பீட்டையும் முறுக்குகிறது. ஒரே சக்கரக் காலில் நான்கு அல்லது ஆறு சக்கரங்கள் உள்ள விமானங்களில் எந்தத் திருப்பத்திலும் சில சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டே ஆகவேண்டும் என்பதால்தான், போயிங் 777-இல் ஆறு சக்கரக் காலின் பின் அச்சே திரும்புமாறு அமைக்கப்பட்டது. இழுவை வண்டி ஓட்டுநர்களுக்கும் இந்த அறிவுரை பொருந்தும்: அகன்ற வளைவில், விமானம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே திருப்ப வேண்டும். பிரேக் பூட்டிக்கொண்டு சக்கரம் சுழலாமல் சறுக்கினால் தடப்பரப்பின் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்துவிடும். ஈரமான ஓடுபாதையில் அவ்வாறு சறுக்கும்போது சிக்குண்ட நீர் ஆவியாகி, அவ்விடத்து ரப்பர் பக்குவம் இழந்து பிசுபிசுத்துப் போவதும் உண்டு. தட்டையான இடம் இழைப்படுகையை எட்டாவிட்டாலும், அதனால் எழும் அதிர்வு சக்கரக் காலைப் பாதித்தால் டயரைக் கழற்றுவதே முறை.

நிறுத்தமும் சேமிப்பும்

நீண்ட நாள் ஓரிடத்தில் நிற்கும் விமானத்தின் டயர், சுமையால் அமுங்கிய நிலையிலேயே நைலான் இழைகள் படிந்துவிடுவதால், தற்காலிகமாகத் தட்டையாகும்; 2020-இல் பெருந்தொற்றின்போது உலகெங்கும் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில், பணியாளர்கள் குறித்த இடைவெளிகளில் சக்கரங்களைச் சுழற்றி வைத்தது இதற்காகவே. ஹைட்ராலிக் திரவம், எண்ணெய், எரிபொருள் ஆகியவை பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். பட்டவுடன் சோப்பு நீரால் கழுவ வேண்டும். கிடங்கில் உள்ள டயர்களை வெயிலும் ஈரமும் படாத குளிர்ந்த இருட்டறையில், நிமிர்ந்த நிலையில் அடுக்குவது நலம். மின்மோட்டார், பற்றவைப்புக் கருவி போன்றவை வெளியிடும் ஓசோன் ரப்பரில் வெடிப்புகளை உண்டாக்குமாதலால் அவற்றின் அருகில் டயரை வைக்கக் கூடாது.

இறுதியாக, பதிவேட்டைப் பற்றி. வாயுவை நிரப்பிய பின் காட்டும் அழுத்தத்தை மட்டும் எழுதும் பழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. அந்த எண் எப்போதும் சரியாகவே இருக்கும் என்பதால் அதிலிருந்து எதையும் அறிய முடியாது. நிரப்புவதற்கு முன் கண்ட அழுத்தம், அளந்த நேரம், அப்போதைய வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே எழுதினால்தான், எந்த டயர் மற்றவற்றைவிட வேகமாக வாயுவை இழக்கிறது என்பதும், எந்த டயர் எத்தனை நாள் குறை அழுத்தத்தில் ஓடியது என்பதும் தெரியவரும். அவ்வெண்களைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் நாள்தோறும், விமானம் புறப்படுவதற்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும், அளந்தது அளந்தபடியே எழுத வேண்டும். மேற்பார்வையாளர்கள் அவற்றைப் படித்த பின்னரே விமானத்தை விடுவிக்க வேண்டும்.